தலைக்கு ஊத்தாதேப்பா! - முயலுக்குப் பயந்த பீட்டரின் கதை

மொதல்லயே ஒரு டிஸ்கி. நான் டாக்டரும் இல்லை, மனோதத்துவம் படிச்சவனும் இல்லை. இன்ஜினியரிங் முடிச்சுட்டு பெங்களூர்ல பொட்டி தட்டிப் பொழைக்கிற ஆளு. நாலு மாசமா ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுப் படிச்ச ஒரு வரலாற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஏன் படிச்சேன்ங்கறதுதான் மொதல்ல.

எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு ஒரு கச்சேரி நடக்கும். மகளுக்குத் தலைக்கு ஊத்துற நேரம். ரெண்டு வயசு ஒன்பது மாசம் ஆகுது. கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் மேல ஏறி வந்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?"ன்னு விசாரிச்சுட்டுப் போனார். அவ்வளவு சத்தம்.

இதுக்குக் காரணம் யாருன்னு கேட்டா, நான்தான். ஒரு ஞாயிறு தங்கமணி ஊர்ல இல்லை. பதினொரு மணிக்கு எனக்கு ஒரு கால். குழந்தை ஷாம்பூ காலி. சரி போகட்டும்னு என்னோட ஷாம்பூவைப் போட்டுட்டேன். நுரை கண்ணுல இறங்கிடுச்சு. அவ தலையைத் திருப்ப, நான் ஊத்தின தண்ணி மூக்குல ஏறிடுச்சு. இருமறா, கத்தறா. "ஒரு நிமிஷம்டா கண்ணு, முடிஞ்சுது"ன்னு ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, மறு கையால மூணு மக் ஊத்தி முடிச்சேன். காலுக்கும் நேரத்துக்குப் போயிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு, பால்கனி துளசிக்குத் தண்ணி ஊத்தலாம்னு அதே பிளாஸ்டிக் மக்கை எடுத்தேன். ஹால்ல விளையாடிட்டு இருந்தவ, ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டு உள் ரூமுக்கு ஓடினா. அவ பயந்தது தண்ணிக்குன்னு அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். மக்கைப் பிடிச்ச அப்பாவுக்கும் சேர்த்துத்தான்னு அன்னிக்குப் புரிஞ்சது.

அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சதுதான் இந்தப் படிப்பு.

*

கண்ணெரிச்சலின் கதை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்குச் சின்ன வயசுல தலைக்கு ஊத்தினது கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் இருந்த எங்க அம்மாயி. சனிக்கிழமை எண்ணெய், அப்புறம் அரப்பு. உசிலை இலையைக் காய வெச்சு அரைச்ச பொடி அது. வடிச்ச கஞ்சியில கரைச்சுத் தலையில தேய்ச்சா பச்சைக் கலர்ல ஒழுகும். கண்ணுல பட்டா உயிர் போயிரும். "கண்ணை மூடிக்கோ சாமி"ன்னு சொல்லிட்டு, நான் மூடறதுக்குள்ள அம்மாயி ஊத்திடும். சீயக்காய் தேய்க்கிற வீட்லயும் இதே கதைதான். ரெண்டுலயும் நுரைக்கிற சரக்கு சபோனின். அழுக்கைக் கழுவுற அதே குணம் கண்ணுக்கு எரிச்சல்.

ஷாம்பூங்கற சொல்லே நம்ம ஊர்ப் பக்கத்துலேர்ந்து போனதுதான். இந்தியில 'சாம்ப்போ'ன்னா அமுக்கு, பிடிச்சு விடுன்னு அர்த்தம். 1759ல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர். பிறகு அயர்லாந்து போய், அங்கிருந்து இங்கிலாந்து போய், பிரைட்டன் கடற்கரை ஊரில் நீராவிக் குளியலும் மசாஜும் கலந்த ஒரு குளியல் நிலையம் நடத்தினார். மன்னர் நான்காம் ஜார்ஜுக்கே 'ஷாம்பூ சர்ஜன்' ஆனார். அன்னிக்கு ஷாம்பூன்னா நுரை இல்லை, மசாஜ். தலைமுடி கழுவறதுங்கற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. இந்த மசாஜ் விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சாதாரண சோப்பின் காரத்தன்மை பி.எச். கணக்கில் 9, 10 வரை இருக்கும். கண்ணீரோடது ஏறக்குறைய 7.4. இந்த வித்தியாசமும், நுரை மூலக்கூறுகள் கண்ணின் மேல்படலத்தைச் சீண்டுவதும் சேர்ந்துதான் எரிச்சல். 1953ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 'இனி கண்ணீர் இல்லை' என்ற வாக்குறுதியோடு அமெரிக்காவில் குழந்தை ஷாம்பூவை விற்க ஆரம்பித்தது. இந்த வகை ஷாம்பூவில் ஆம்ஃபோடெரிக் எனப்படும் சாதுவான நுரைப்பொருள் சேர்த்து, பி.எச். அளவையும் கண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டு வந்துவிடுகிறார்கள். அழுக்கு கொஞ்சம் கம்மியாகப் போகும், கண் தப்பிக்கும்.

ஆக, எரிச்சல் பிரச்சினையை வேதியியல் அப்பவே தீர்த்துடுச்சு. நானும் மறுநாளே குழந்தை ஷாம்பூ வாங்கிட்டு வந்தேன். அவ கத்தறது ஒரு டெசிபல்கூடக் குறையலை. மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடியே கத்தறா. எரிச்சல் போயிருச்சு, பயம் அப்படியே இருக்கு. இது வேற துறை மேட்டர்னு அப்பதான் உறைச்சது.

*

பயத்தை உண்டாக்கியவர்

1920, பால்டிமோர் நகரம். ஜான் வாட்சன், ரோசலி ரேனர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள். ஆல்பர்ட் என்று பெயர் வைத்து அவர்கள் எழுதிய குழந்தைக்கு அப்போது 11 மாதம். வெள்ளை எலியைப் பார்த்தால் அவனுக்குப் பயமே கிடையாது, தொட்டு விளையாடுவான். அவன் எலியைத் தொடும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் ஒரு இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவையிலேயே எலியைப் பார்த்தாலே அழ ஆரம்பித்தான். அதோடு நிற்கவில்லை. முயல், நாய், ரோமக் கோட்டு, கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி என்று பயம் பரவியது.

இதைப் படிச்சப்ப துளசிச் செடியும் மக்கும்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அங்க எலியிலேர்ந்து முகமூடிக்கு. எங்க வீட்ல பாத்ரூம்லேர்ந்து பால்கனிக்கு.

ஆல்பர்ட்டின் பயத்தை அவர்கள் எடுத்துவிடவில்லை. அதற்குள் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வாட்சனுக்கும் அதே வருஷம் பல்கலைக்கழக வேலை போனது. ரேனருடனான உறவு காரணம். பிறகு ஜே. வால்டர் தாம்சன் என்ற விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து, ஜான்சன் பேபி பவுடர் விளம்பரத்திலும் வேலை செய்தார். 1928ல் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றும் எழுதி, பிள்ளைகளைக் கொஞ்சாதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள் என்று தாய்மார்களுக்கு அறிவுரை சொன்னார். நல்லா இருக்கில்ல கதை?

*

பயத்தை எடுத்தவர்

ரேனரோடு வாசர் கல்லூரியில் படித்த தோழி மேரி கவர் ஜோன்ஸ். வாட்சனின் சொற்பொழிவைக் கேட்டதும் அவருக்கு எழுந்த கேள்வி நியாயமானது: பயத்தை உண்டாக்க முடியும்னா, அதே வழியில எடுக்கவும் முடியணுமே?

நியூயார்க்கில், குழந்தைகள் தங்கியிருந்த ஒரு நிலையத்தில் அவருக்குக் கிடைத்தவன் பீட்டர் (உண்மைப் பெயர் இல்லை). வயது 2 வருடம் 10 மாதம். கிட்டத்தட்ட என் மக வயசு. வெள்ளை முயல், எலி, ரோமக் கோட்டு, பஞ்சு, இறகு என எல்லாவற்றுக்கும் பயம். அது யாரும் சோதனைக்காக உண்டாக்கிய பயம் இல்லை. தானாக வந்தது.

ஜோன்ஸ் செய்தது இதுதான். பீட்டரை உயர நாற்காலியில் உட்கார வைத்து, அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுப்பார்கள். முயலைக் கூண்டில் வைத்து, அவன் சாப்பாடு தடைப்படாத தூரத்தில் நிறுத்துவார்கள். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருவார்கள். சில நாட்கள் முயலுக்குப் பயப்படாத பிற குழந்தைகளையும் கூட விளையாட விடுவார்கள்.

அவன் தேறி வந்ததை ஜோன்ஸ் 17 படிகளாகப் பட்டியல் போட்டிருக்கிறார். கூண்டு அறையில் எங்கிருந்தாலும் பயம் என்பது முதல் படி. 12 அடி தூரத்தில் தாங்கிக்கொள்கிறான், பிறகு 4 அடி, பிறகு 3 அடி. ஒன்பதாவது படியைப் படிச்சதும் சிரிச்சுட்டேன். முயல் மேலே துப்புகிறான், சாமானைத் தூக்கி எறிகிறான்! அதையும் முன்னேற்றம்னு எழுதி வெச்சிருக்காங்க. பயந்து ஓடுறவன் திரும்பி நின்னு துப்புறான்னா அது முன்னேற்றம்தானே. கடைசிப் படி, தன் விரலை முயல் கொறிக்க விடுகிறான்.

இந்தப் பட்டியல் நேர்க்கோடு இல்லை. நடுவில் பீட்டருக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரும்பி வரும்போது வண்டியில் ஏறும் நேரம் பெரிய நாய் ஒன்று அவன் மேலும் கூட வந்த நர்ஸ் மேலும் பாய்ந்தது. பழைய பயம் முழுசாகத் திரும்பிவிட்டது. சாப்பாட்டு முறையை ஜோன்ஸ் கையில் எடுத்ததே அதற்கப்புறம்தான்.

ஒரு எச்சரிக்கையும் தந்தார். முயலை அவசரப்பட்டு நெருக்கினால் எல்லாம் தலைகீழாகிவிடும். சாப்பாட்டின் சந்தோஷம் முயலுக்கு ஒட்டுவதற்குப் பதிலாக, முயலின் பயம் சாப்பாட்டுக்கு ஒட்டிவிடும்.

*

ஏழு வழிகள்

அதே 1924ல் ஜோன்ஸ் இன்னொரு கட்டுரையும் எழுதினார். மூன்று மாதம் முதல் ஏழு வயது வரையான 70 குழந்தைகளைப் பார்த்து, பயத்தைப் போக்க மனிதர்கள் செய்யும் ஏழு வழிகளைச் சோதித்த கட்டுரை. அதை எங்க வீட்டு வரலாறோட பக்கத்துல வெச்சுப் பார்த்தா ரொம்ப அவமானமா இருந்துச்சு:

1. அப்படியே விட்டுவிடுவது. காலம் போனால் மறந்துவிடும் என்று. நாங்க மூணு வாரம் தலைக்கே ஊத்தலை. அரிப்பு வந்ததுதான் மிச்சம்.
2. பேசிப் புரிய வைப்பது. "தண்ணி ஒண்ணும் பண்ணாதும்மா." அவளும் "பண்ணாது"ன்னு அழகா திருப்பிச் சொல்லுவா. மக்கைப் பார்த்ததும் கத்துவா.
3. பயந்த பொருளையே திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்குவது. "தினமும் ஊத்து, சரியாப் போயிரும்" – ஆபீஸ் நண்பர்.
4. கேலி, அதட்டல். "அய்யே, அழுமூஞ்சி பாப்பா!" – வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாரும்.
5. கவனத்தைத் திருப்புவது. போன்ல கார்ட்டூன். தண்ணி தலையில படுற வரைக்கும் வேலை செஞ்சுது.
6. பிடித்த ஒன்றோடு சேர்த்துப் பழக்குவது. பீட்டருக்குச் செய்தது.
7. பயப்படாத பிறரைப் பார்க்க வைப்பது.

தெளிவாகப் பலன் தந்தவை என்று ஜோன்ஸ் சொன்னது கடைசி இரண்டை மட்டும். நாங்க மொதல் அஞ்சையும் செஞ்சு முடிச்சிருந்தோம். அவ்வ்வ்வ்.

இன்னொரு விஷயமும் எழுதியிருக்கிறார். பீட்டரின் வீட்டில் அவனை அடக்கப் பயமுறுத்தல்தான் ஆயுதம். உள்ளே வா, யாரோ உன்னைத் தூக்கிட்டுப் போகப் பார்க்கிறாங்க என்கிற ரகம். நம்ம பூச்சாண்டிதான், நியூயார்க்கில் இருந்திருக்கிறார்.

இவ்வளவு முக்கியமான வேலை முப்பது வருஷத்துக்கும் மேல் பெரிதாகக் கண்டுகொள்ளப்படவே இல்லை. 1958ல் ஜோசப் வோல்பே இதே போன்ற கொள்கையை வைத்து மனச்சிகிச்சைப் புத்தகம் எழுதிய பிறகுதான் ஜோன்ஸ் பக்கம் வெளிச்சம் திரும்பியது. நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று வோல்பேயே அவரைச் சொன்னார். 1987ல் ஜோன்ஸ் காலமானார்.

*

மார்கரெட்டின் குளியல் தொட்டி

முயல் கதை சரி, தண்ணிக்கு என்ன பண்றதுன்னு தேடினப்ப மாட்டினது 1962ல் வந்த ஒரு சின்னக் கட்டுரை. எழுதியவர் பி.எம். பென்ட்லர். பின்னாளில் புள்ளியியல் துறையில் ஈ.க்யூ.எஸ். என்ற மென்பொருளால் பிரபலமானவர். (நம்மாளு!)

மார்கரெட்டுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து தொட்டி, குழாய், பேசின் எல்லாவற்றுக்கும் அலறல். முதலில் காலித் தொட்டியில் பொம்மைகளைப் போட்டு வைத்தார்கள். வந்தால் எடுத்துக்கொள், வராவிட்டாலும் சரி. அடுத்து, சமையலறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பொம்மைகளை மிதக்க விட்டார்கள். பொம்மை வேண்டுமானால் தண்ணீரைத் தொட்டாக வேண்டும். பிறகு பாத்ரூம் பேசினில் கால் கழுவுவது, கையில் பொம்மையோடு. கடைசியில்தான் தொட்டி. அதிலும் முதலில் அழுதாள். அம்மா அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பயம் போனது. 18 மாத வயதில் மறுபடி பார்த்தபோதும் திரும்பியிருக்கவில்லை.

கொஞ்சாதே என்று வாட்சன் எழுதினாரே, அந்தக் கொஞ்சல்தான் இங்கே மருந்துகளில் ஒன்று.

இதைப் படிச்சதும் அம்மாயி ஞாபகம் திரும்ப வந்துச்சு. கைக்குழந்தையை நம்ம ஊர்ல எப்படிக் குளிப்பாட்டுவாங்க? காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால் மேல குப்புறப் போட்டுத் தலைக்கு ஊத்துவாங்க. தண்ணி பின்னந்தலையிலேர்ந்து வழிஞ்சுடும். உடம்பு முழுக்க ஒருத்தர் கால் மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். வளர்ந்ததும் அந்தப் பிடிமானத்தை எடுத்துடறோம். வழுக்குற தரையில தனியா நிக்க வெச்சு, தலையை அண்ணாக்கச் சொல்லி, கண்ணு தெரியாதப்ப மேலேர்ந்து ஊத்தறோம். எனக்கே அப்படி யாராவது ஊத்தினா கத்துவேன்.

*

எங்க வீட்டுப் பட்டியல்

நானும் தங்கமணியும் ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டினோம். மொதல் வாரம், காஞ்ச பாத்ரூம்ல மக்கும் பொம்மைகளும். தண்ணியே கிடையாது. மக்கை எட்டி உதைச்சா. ஒன்பதாம் படின்னு டிக் போட்டேன். :)

அடுத்து எண்ணெய். அம்மா ஊர்லேர்ந்து வந்தப்ப மடியில படுக்க வெச்சுத் தலையைப் பிடிச்சு விட்டாங்க. அவளுக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. எண்ணெய் தேய்ச்சா தண்ணி ஊத்துவாங்கங்கற பயம் மட்டும்தான் அதைக் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு வாரம் எண்ணெய் மட்டும், ஈரத்துண்டால துடைச்சு விட்டாச்சு. பழைய அர்த்தத்துல ஷாம்பூ.

அப்புறம் ஏழாவது வழி. நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கிட்டேன், அவ கையில ஒரு டம்ளர். அப்பா தலைக்கு அவதான் ஊத்தணும். "அப்பா, கண்ணை மூடிக்கோ"ன்னு சொல்லிட்டு, நான் மூடறதுக்குள்ள ஊத்திட்டா. அப்படியே அம்மாயி.

அதுக்கப்புறம் அவளுக்கு ஒரு வைரல் காய்ச்சல். ஒரு வாரம் கழிச்சு டம்ளரைப் பார்த்தாலே அழுதா. மொதல்லேர்ந்து ஆரம்பிச்சோம். பீட்டர் கதை தெரியாம இருந்திருந்தா அன்னிக்கு நான் மறுபடி கையைப் பிடிச்சு அழுத்தியிருப்பேன்னு நினைக்கிறேன்.

போன ஞாயிறு கால் மேல குப்புறப் படுத்துக்கிட்டா. ரெண்டு வயசு ஒன்பது மாசக் குழந்தைக்கு அந்தப் பொசிஷன் கொஞ்சம் கஷ்டம்தான், கால் ரெண்டும் வெளியே கிடந்துச்சு. மொதல் டம்ளர் அவளே ஊத்திக்கிட்டா. ரெண்டாவது நான். மூணாவதுக்கு "போதும்ப்பா"ன்னா. நிறுத்திட்டேன். காதுக்குப் பின்னாடி இன்னும் நுரை இருந்துச்சு, துண்டை நனைச்சுத் துடைச்சு விட்டேன்.

சாயங்காலம் துளசிக்குத் தண்ணி ஊத்தப் போனேன். மக்கைக் குடுன்னு அவளே வாங்கிக்கிட்டா. பாதி செடிக்கு, பாதி என் காலுக்கு.